இதய, நுரையீரல் ஆராய்ச்சிக்கு ஊரில் பணம் திரட்டுவது எப்படி: களியக்காவிளைப் பக்கத்து அனுபவம்

மார்த்தாண்டம் முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள எங்கள் தமிழ்நாடு–கேரள எல்லைப்புற ஊர்களில் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டுவதைப் ‘பிரிவு எடுப்பது’ என்றே சொல்வார்கள். இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தைக்கோ, சிறுநீரகம் பழுதான ஆட்டோ ஓட்டுநருக்கோ பிரிவு எடுக்க யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்திப்பில் படத்துடன் ஒரு பதாகை எழும், மருத்துவமனை கொடுத்த மதிப்பீட்டுத் தொகையும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கும், ஒரு வாரத்தில் பாதிப் பணமாவது சேர்ந்துவிடும். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கப் போகிறவருக்கு அந்தப் பதாகையில் ஒட்டுவதற்குப் படம் கிடையாது, ஏனென்றால் அந்தப் பணத்தால் பிழைக்கப் போகிறவர் யார் என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது, சில வேளை அந்த நோயாளி இன்னும் பிறந்திருக்கவே மாட்டார். எங்கள் வாசகசாலை இந்த வேலையில் இறங்கியபோது, சிகிச்சைக்குப் பிரிவு எடுத்த பழக்கத்தை அப்படியே இதற்கும் கொண்டுவந்ததுதான் நாங்கள் செய்த முதல் தவறு. இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, வாசகசாலை, ஆலயக் கமிட்டி, சுய உதவிக் குழு, இளைஞர் மன்றம் என எந்த அமைப்பும் பின்பற்றத்தக்க வகையில் இதை எழுதுகிறேன்.

ரசீதுப் புத்தகம் அச்சடிப்பதற்கு முன்

பணம் திரட்டியபின் யாருக்குக் கொடுப்பது என்று யோசிப்பவர்கள் பலர். அது தலைகீழான முறை. முதலில் மருத்துவ நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பெரிய மருத்துவ நிறுவனங்களில் ஆராய்ச்சியைக் கவனிக்கத் தனி அலுவலகம் இருக்கும். அதற்கு, உங்கள் அமைப்பின் பெயரையும் பதிவு எண்ணையும் குறிப்பிட்டு, பொதுமக்களிடமிருந்து ஆராய்ச்சிக்கான நன்கொடையை நிறுவனம் ஏற்றுக்கொள்கிறதா, ஏற்றுக்கொண்டால் எந்தக் கணக்கில், எந்த ஆய்வுக்கு என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை ஊரில் யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.

பதில் வந்தபின் நேரில் போய்ப் பேசும்போது நான்கு செய்திகளை எழுத்தில் பெறாமல் திரும்பக் கூடாது. ஆய்வின் பெயரும் அதை நடத்துபவரின் பொறுப்பும், நம் பணம் எதை வாங்கும் என்பது, ரசீது யார் பெயரில் வரும் என்பது, எப்போது எந்த வடிவில் நமக்கு அறிக்கை தருவார்கள் என்பது. இவற்றோடு, மனிதர்களை உட்படுத்தும் ஆய்வாக இருந்தால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டதா என்றும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி இந்த ஒப்புதல் இல்லாமல் அப்படிப்பட்ட ஆய்வைத் தொடங்கவே கூடாது. புதிய மருந்தையோ கருவியையோ நோயாளிகளிடம் சோதிப்பதாக இருந்தால், 2009 ஜூன் 15 முதல் இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் அது பதிவாகியிருப்பது கட்டாயம். அந்தப் பதிவெண்ணை வாங்கி நாமே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இவற்றைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விகளைக் கேட்டு மகிழ்வார். ‘அதெல்லாம் எதற்கு, என் கையில் கொடுத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், கும்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடலாம்.

எதற்காகக் கேட்பது என்பதில் சிறியதையும் தெளிவானதையும் தேர்ந்தெடுப்பதே என் அறிவுரை. ‘இதய ஆராய்ச்சிக்கு உதவுங்கள்’ என்று கேட்டால் இருபது ரூபாய் விழும். பல கோடி ரூபாய்க் கருவியை ஊர்ப் பிரிவால் வாங்க முடியாது, வாங்கினாலும் பராமரிக்க முடியாது. ஆனால் ஆய்வாளர்களுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடாக இருப்பவை பெரும்பாலும் சிறிய செலவுகள்தாம். அவற்றில் நம் ஊருக்கு எளிதாகப் புரிவது நோயாளியின் பயணச் செலவு. ஓர் ஆய்வில் 120 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும், ஒவ்வொருவரும் நான்கு முறை வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, போன கூலிக்குச் சிறு ஈடு என ஒருமுறைக்கு ரூ.400 என்றால் மொத்தம் ரூ.1,92,000. இது நான்கைந்து ஊர்கள் சேர்ந்தால் எட்டக்கூடிய தொகை. அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் ஊருக்குச் சொல்ல வேண்டும். அதிகாலையில் ரப்பர் வெட்டப் போகிறவர், ஒரு நாள் வெட்டை விட்டுவிட்டு முப்பது கிலோமீட்டர் போய் வரிசையில் நிற்பதை முதல் இரண்டு தடவை செய்வார், மூன்றாவது தடவை ‘இப்ப நல்லாத்தானே இருக்கு’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அப்படிப் பாதிப் பேர் நின்றுவிட்டால் அந்த ஆய்வின் முடிவை யாரும் நம்ப முடியாது, அதுவரை செலவான பெரிய பணமும் வீண்.

நுரையீரல் பக்கம் வந்தால், ஊதும் சோதனைக்கான ஒருமுறை பயன்படுத்தும் வாய்க்குழாய்களும் வடிகட்டிகளும் இதேபோன்ற செலவு. ஒரு முகாமில் அந்தச் சோதனையை நான் அருகே நின்று பார்த்தேன். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, மூக்கில் கவ்வி மாட்டி, மூச்சை முழுதாக இழுத்து ஊத வேண்டும். பக்கத்தில் நின்ற பெண், ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க’ என்று தானே ஊதுவதுபோல் முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு தடவை போதாது, சரியாக ஊதிய மூன்று பதிவுகளாவது கிடைக்க வேண்டும் என்பதால் அந்த அம்மா ஆறு தடவை ஊதினார். முடிந்தபின் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, ‘அடுப்பு ஊதுறதைவிட இது கஷ்டம் மக்களே’ என்றார். அவர் ஐம்பது ஆண்டுகளாக ரப்பர் விறகிலும் தேங்காய்த் தொண்டிலும் சமைத்தவர். புகைபிடிக்காத பெண்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம் என்பதைக் கூட்டத்தில் விளக்க நாங்கள் பெரிதாக மெனக்கெடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னோம், போதுமாயிற்று. (பெயரைச் சொல்லவில்லை. நோயாளியின் பெயர், படம், நோய்விவரம் எதையும் அவர் சம்மதம் இல்லாமல் எந்தத் துண்டறிக்கையிலும் போடக் கூடாது. சம்மதித்தாலும் தவிர்ப்பதே மேல்.)

‘எப்போது பலன் தெரியும்?’

இந்தக் கேள்வி எல்லா வீட்டுத் திண்ணையிலும் வரும். இதற்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்லத் தெரிந்தவரை மட்டுமே வீடு வீடாக அனுப்ப வேண்டும். எங்களுக்கு உதவிய பதில், திருவனந்தபுரத்திலேயே நடந்த ஒரு வரலாறு. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் மக்களுக்கென்று கொடுத்த கட்டடத்தில் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக ஆனது, நாம் ‘ஸ்ரீ சித்ரா’ என்று சுருக்கமாக அழைக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம். அங்கே டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு உருவாக்கும் முயற்சி நடந்தது. வெளிநாட்டு வால்வை விலை கொடுத்து வாங்க முடியாமல், தொண்டை வலியில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போன இளவயது நோயாளிகள் அப்போது ஏராளம். வால்வின் முதல் வடிவம் தேறவில்லை. இரண்டாவதும் தேறவில்லை, மூன்றாவதும் தேறவில்லை. நான்காவது வடிவமே, கோபால்ட் கலப்பு உலோகச் சட்டமும் உறுதியான பாலிஎதிலீன் தட்டும் கொண்டது, எல்லாச் சோதனைகளையும் தாண்டி 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில் இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தப்பட்டுள்ளது.

இதைச் சொல்லும்போது ஒரு கணக்கையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நிமிடத்துக்கு 72 தடவை துடிக்கும் இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது, அந்தச் சிறிய தட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை திறந்து மூட வேண்டும், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3.8 கோடி தடவை. பல ஆண்டுகள் தேயாமல் உடையாமல் இருக்குமா என்பதை மனித உடலில் வைத்துப் பார்க்க முடியாது, இயந்திரத்தில் வைத்து இரவும் பகலும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். தோற்ற மூன்று வடிவங்களுக்குச் செலவான பணம் வீணா என்று கேட்டால், அந்தப் பணம் இல்லாமல் நான்காவது இல்லை. கொல்லனின் உலையில் போட்டதெல்லாம் அரிவாளாக வருவதில்லை என்று எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர் இதை விளக்குவார். அவர் சொன்னால் எடுபடும், நான் சொன்னால் எடுபடாது.

இன்னொரு கதை இன்னும் நெருக்கமானது, ஆனால் கவனமாகச் சொல்ல வேண்டியது. இதயத்தின் உட்சுவர் நாராகத் தடித்து இறுகிப்போகும் எண்டோமையோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்னும் நோய், ஒரு காலத்தில் கேரளக் கரையில் அதிகமாகக் காணப்பட்டது. மணவாளக்குறிச்சி, சவறை கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்னும் கனிமத்திலுள்ள சீரியம், மக்னீசியம் குறைந்த உடலில் சேர்வதால் இது வரலாம் என்ற கருதுகோளை டாக்டர் வலியத்தானும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். அது இறுதியாக நிரூபிக்கப்படவில்லை, நோயும் பின்னர் வெகுவாகக் குறைந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் இதைப் பாதியாகச் சொன்னால் ‘மணலால் நெஞ்சு நோய் வருகிறதாம்’ என்ற வதந்தியாக மாறி மறுநாள் திரும்பி வரும். நம் காலடி மண்ணிலிருந்தே ஓர் ஆராய்ச்சிக் கேள்வி எழுந்தது என்பதற்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்லிவிட்டு, ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற சொல்லை அழுத்தி உச்சரித்து முடிக்க வேண்டும்.

‘நாங்கள் பணம் கொடுத்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கே வரிசையில் முன்னுரிமை கிடைக்குமா?’ என்றும் கேட்பார்கள். கிடைக்காது. கிடைக்கும் என்று சொல்லித் திரட்டிய பணம் நன்கொடை ஆகாது.

கணக்கும் சட்டமும்

இந்தப் பகுதி வறட்சியானது. ஆனாலும் இங்கே சறுக்கியவர்களே அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

செயலாளரின் சொந்த வங்கிக் கணக்கில் பணம் திரட்டவே கூடாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் ரூ.50,000-க்கு மேல் ஈடின்றிப் பெறும் பணம், வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அவருடைய வருமானம். நல்ல காரியத்துக்கு என்று வாயால் சொன்னால் போதாது. அமைப்பின் பெயரில், அமைப்பின் பான் எண்ணோடு, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கணக்கு வேண்டும். அதற்கு அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும். எல்லைக்கு இப்புறம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைகள் மாற்றப்பட்டு விளவங்கோடு இந்தப் பக்கம் வந்து நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றதிலிருந்து கல்யாணமும் கருமாதியும் பொதுவாக இருந்தாலும், பதிவு அலுவலகம் வேறாகிவிட்டது. இரு பக்க அமைப்புகளும் சேர்ந்து திரட்டும்போது, ஏதேனும் ஒரு பதிவு பெற்ற அமைப்பின் கணக்கை மட்டும் பயன்படுத்தி, மற்ற அமைப்பிலிருந்து ஒருவரைக் கணக்குச் சரிபார்ப்பவராக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வரிச்சலுகையைப் பற்றிக் கடைக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80-ஜி பிரிவு என்று எல்லாருக்கும் பழகிப்போன அந்தச் சலுகை, அனுமதி பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால் மட்டுமே உண்டு. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குக் கிடையாது. பழைய வரித்திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே பயன்படும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால், துண்டறிக்கையில் பழைய எண்ணை அச்சடிப்பதற்கு முன் ஒரு தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள். நம் வாசகசாலைக்கு அந்த அனுமதி இல்லையென்றால் சலுகை உண்டு என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. சலுகை வேண்டுவோரிடம், மருத்துவ நிறுவனத்தின் பெயரிலேயே காசோலை எழுதச் சொல்லி அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து, நிறுவனத்தின் ரசீதையும் சான்றிதழையும் வாங்கிக் கொடுப்பது நேர்மையான வழி. அவர்கள் கொடுத்தது நம் மொத்தத்தில் சேராதே என்று சிலர் வருந்தினார்கள். யார் கணக்கில் சேர்ந்தால் என்ன?

வளைகுடாப் பணம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பிரிவும் முழுமையாவதில்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் ஊர்க்காரர் அனுப்பினால், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்குரிய பதிவோ முன் அனுமதியோ பெற்று, டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வைத்திருக்கும் அமைப்பு மட்டுமே அதைப் பெறலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இன்னொன்று, துபாயிலோ ஷார்ஜாவிலோ இருக்கும் தம்பிகளிடம் ‘அங்கே நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிரத் தனி ஆட்கள் நன்கொடை திரட்டுவது சட்டப்படி குற்றம். நம் துண்டறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த குற்றத்துக்காக ஒரு பையன் வேலையை இழக்க வேண்டுமா?

குலுக்கல் சீட்டு எங்கள் பக்கத்து ஆசை. அந்தப் பக்கம் 1967 முதல் அரசே லாட்டரி நடத்துகிறது, இதயம், சிறுநீரகம் உள்ளிட்ட நோய்களின் சிகிச்சைக்கு உதவவென்று காருண்யா என்ற பெயரில் ஒன்று உண்டு. ஆகவே ‘நாமும் ஒரு மோட்டார் சைக்கிளைப் பரிசாக வைத்து நூறு ரூபாய்க் கூப்பன் போடலாமே’ என்று யாராவது கிளம்புவார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளத்திலும் நடத்தலாம் என்பது அரசுக்கு மட்டுமே, வாசகசாலைக்கு அல்ல. பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

யாரிடம் வாங்குவது, எப்போது கேட்பது

நுரையீரல் ஆராய்ச்சிக்குப் புகையிலை மொத்த வியாபாரியிடம் பணம் வாங்கலாமா என்று எங்கள் கமிட்டியில் இரண்டு மணிநேரம் வாதம் நடந்தது. வாங்கவில்லை. அவர் மனம் நோகாமல் மறுப்பதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

காலம் பார்த்துக் கேட்பது மிக முக்கியம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன், ஜூலையில் ரப்பர் வெட்டு நின்றுபோகும். அதே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இந்த இரண்டு மாதங்களில் வெட்டுத் தொழிலாளி வீட்டிலும் கடற்கரை வீட்டிலும் பிரிவுக்குப் போவது அழகல்ல. பள்ளி திறந்து புத்தகம், சீருடை என்று கையைக் கடிக்கும் மாதமும் அதுவே. ஓணத்தை ஒட்டியும், அதன் பிறகு கிறிஸ்துமஸ் வரையிலும் கையில் காசு புழங்கும், வளைகுடாக்காரர்களும் விடுமுறைக்கு வருவார்கள்.

வழிகள் பலவற்றையும் முயன்று பார்த்ததில், செலவே இல்லாமல் கைகொடுத்தது ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் பால் வெட்டியபின் சிரட்டையிலும் வெட்டுத் தடத்திலும் உறைந்து நிற்கும் அந்தக் கழிவை, ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை அன்று மட்டும் காரியத்துக்கு விட்டுத்தரச் சொன்னோம். ஐந்து செண்டு வைத்திருப்பவருக்கும் அது பெரிய இழப்பில்லை, ஆனால் இருநூறு வீடுகள் சேர்ந்தால் மூட்டை மூட்டையாக வரும். அந்த நாற்றத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்குகளைச் சுமந்து வந்து வாசகசாலை முற்றத்தில் போட, வியாபாரி எல்லார் கண்முன்னாலும் தராசில் ஏற்றி எடையைச் சத்தமாகச் சொல்ல, ஒரு கல்லூரி மாணவி கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். கொடுத்தவர்கள் அங்கேயே நின்று கூட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய கணக்கைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஆலயத்து ஏலமும் அதேபோல வெளிச்சத்தில் நடப்பது. அறுப்புப் பண்டிகையில் மட்டிப்பழக் குலையும் பலாப்பழமும் சேவலும் ஏலம் போவதை எல்லாரும் அறிவோம். குலையின் விலை முக்கியமில்லை, எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வதில்தான் காசு இருக்கிறது. பாதிரியாரிடமோ கோயில் நிர்வாகத்திடமோ முன்கூட்டியே பேசி, ஒரே ஒரு பொருளின் ஏலத்தை மட்டும் நம் காரியத்துக்கு ஒதுக்கித் தரும்படி கேட்கலாம். தனியார் பேருந்துக்காரர்களும் ஆட்டோ நிறுத்தத்தினரும் ஒரு நாள் வசூலைத் தருவது கேரளப் பக்கம் நன்கு வேரூன்றிய வழக்கம். அதற்கு உரிமையாளர்களிடம் அல்லாமல் முதலில் தொழிலாளர்களிடம் பேச வேண்டும், ஏனென்றால் அன்று கூலியை விடுபவர்கள் அவர்கள்.

சாப்பாட்டுப் பொதி விற்பனை, கேரளத்தில் பிரியாணி சேலஞ்ச் என்று பெயர் பெற்றது, பார்வைக்குக் கவர்ச்சியானது, கணக்கில் ஏமாற்றுவது. 500 பொதி, ஒன்றுக்கு அடக்கம் ரூ.75, விலை ரூ.120 என்றால் மிச்சம் ரூ.22,500 என்று முதல் நாள் கூட்டத்தில் எல்லாரும் கை தட்டுவார்கள். 60 பொதி விற்காமல் நின்றால் அது ரூ.15,300 ஆகிவிடும், தெரிந்தவர்களுக்குக் கடனாகக் கொடுத்த பொதிகளின் கதை தனி. ஆகவே கூப்பனை முன்பணத்துக்கு மட்டுமே விற்று, இரண்டு நாள் முன்னதாக எண்ணிக்கையை முடித்து, விற்காத கூப்பன்களை அடிக்கட்டையோடு திரும்ப வாங்கிய பின்னரே சமையலுக்குச் சொல்ல வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு உள்ள சமையல்காரரிடம் கொடுப்பது நல்லது. கோழிக்குப் பதில் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் வைத்தால் அடக்கம் குறையும். நெஞ்சு நோய் ஆராய்ச்சிக்கு நெய் மிதக்கும் பிரியாணியா என்று யாரும் கேலி செய்யவும் இடமிருக்காது.

ரசீதும் ஒரு பழைய தவறும்

ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும், எந்தப் புத்தகம் யார் கையில் என்று ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ், மலையாளம் இரண்டிலும் அச்சடித்தால் பாறசாலைப் பக்கமும் செல்லும். ரசீதின் கீழே, ஆய்வின் பெயரையும் பணம் எதற்கு என்பதையும் ஒரே வரியில் போட வேண்டும், ‘முடிவு என்னவாக இருக்கும் என்று உறுதி கூற இயலாது’ என்ற வரியும் சேர வேண்டும். அந்த வரியை எடுத்துவிடலாம் என்று அச்சகத்தில்கூடச் சொன்னார்கள், நாங்கள் எடுக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பொருளாளராக இருந்த வேறொரு திரட்டில், திரும்பி வந்த புத்தகம் ஒன்றில் 37-ஆம் எண்ணுள்ள தாள் அடிக்கட்டையோடு கிழிந்திருந்தது. மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டதால் கிழித்தேன் என்றார் கொண்டுபோனவர். அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் ஐந்நூறா, ஐயாயிரமா என்று தெரியாமல், அவர் பத்து ஆண்டுகள் ஊரில் தலைகுனிந்து நடந்தார், நானும் அவரை நேராகப் பார்க்க முடியாமல் நடந்தேன். அன்றிலிருந்து பாழான தாளைக் குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும் என்ற விதியை, புத்தகம் வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். தெரியட்டும்.

யுபிஐ வழியாகப் பணம் வாங்குவது கணக்குக்கு மிக நல்லது, ரசீதே தேவையில்லாதபடி தேதியும் தொகையும் பதிவாகிவிடும். ஆயினும் டீக்கடையில் ஒட்டிய கியூஆர் படத்தின்மேல் வேறொருவர் தன் படத்தை ஒட்டிவிட்டுப் போவது எங்கும் நடக்கும் ஏமாற்று. ஆகவே படத்தின் கீழே கணக்கின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, ‘செல்பேசியில் இந்தப் பெயர் வந்தால் மட்டும் பணம் அனுப்பவும்’ என்று எழுதுங்கள். தினமும் மாலையில் ஒருவர் ஒவ்வொரு கடையிலும் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரத்து வரவையும் செலவையும் வாசகசாலைப் பலகையில் கையால் எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம். செலவு என்பதில் தொண்டர்களுக்கு வாங்கிய சாயாவும் அடங்கும். சாயாவை மறைத்து எழுதினால், மற்றதை யார் நம்புவார்கள்?

ஒப்படைப்பதும் அதற்குப் பின்னும்

பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிட்டு, நிறுவனத்தின் ரசீதை வாங்கி அதன் நகலைப் பலகையில் ஒட்ட வேண்டும். பெரிய அட்டைக் காசோலையோடு படம் பிடித்துக்கொள்ளும் விழாவுக்கு நாங்கள் செலவழிக்கவில்லை, அதற்கு ஆகும் பணத்தில் நான்கு நோயாளிகளின் பயணச் செலவு அடங்கும். முன்னர் ஒப்புக்கொண்ட காரியத்துக்குப் போக மிச்சம் வந்தால், அதை வேறு எதற்கும் திருப்பாமல், நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு அதே ஆய்வுக்கோ, கொடுத்தவர்கள் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளும் இன்னொரு ஆய்வுக்கோ கொடுக்க வேண்டும்.

அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், புள்ளிவிவர அட்டவணைகளோடு. அதை ஊரிலுள்ள செவிலியரோ அறிவியல் ஆசிரியரோ படித்து, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை வந்தார்கள், எதைக் கண்டுபிடித்தார்கள், எதைக் கண்டுபிடிக்கவில்லை. எதிர்பார்த்த வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்று முடிவு வந்தாலும் அதையும் அப்படியே வாசிக்க வேண்டும், ஏனென்றால் பயனில்லாத ஒரு மருந்தை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று தெரிவதும் அந்தப் பணத்தால் வந்த செய்திதான். எங்கள் கூட்டத்தில் வாசித்து முடித்தபோது, ஒட்டுப்பால் கொடுத்த ஒருவர் எழுந்து, சேர்ந்தவர்களில் கடைசிவரை வராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஆய்வாளரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, அவருக்கு எழுதி அனுப்பினோம்.

சொன்ன மாதத்தில் அறிக்கை வரவில்லையென்றால் ஒரு கடிதம் எழுதுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொன்று எழுதுங்கள், பிறகு நேரில் போய் உட்காருங்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்து, ஊரில் வாசிக்கப்படும்வரை அடுத்த ரசீதுப் புத்தகத்தை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டாம்.